10க்கு 11 பெட்ரூம்ல குழந்தைக்கு எந்த சைஸ் கட்டில் போடலாம்?

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். எனக்கு இப்போ ஏழாவது மாசம். சென்னையில ஒரு பெட்ரூம் ஃபிளாட்ல இருக்கோம், பெட்ரூம் 10க்கு 11 அடி, அதுல குயின் சைஸ் கட்டில் ஒண்ணும் ஸ்டீல் பீரோ ஒண்ணும் இருக்கு. குழந்தைக்கு கட்டில் வாங்கணும்னு பேச்சு வந்ததுல இருந்து வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவர் ஆன்லைன்ல 120க்கு 60 சென்டிமீட்டர்ல ஒரு பேபி காட் பாத்து வச்சிருக்கார். அத்தை, ஊர்ல பழைய வீட்டு தேக்கு கதவு கிடக்கு, ஆசாரிய வச்சு 5 அடிக்கு 3 அடில செஞ்சு தரேன், அஞ்சு வயசு வரைக்கும் பேரப்புள்ள படுக்கலாம்னு சொல்றாங்க. எங்க அக்கா வெளிநாட்டுல இருந்தப்போ 2009ல வாங்கின கட்டில் இருக்கு, ஒரு பக்கத்து கம்பித் தடுப்பு கீழ இறங்குற டைப், அதையே எடுத்துக்கோ, எதுக்கு வீண் செலவுன்றா. பிரசவத்துக்கு மதுரைக்கு அம்மா வீட்டுக்கு போறேன், அஞ்சாம் மாசம்தான் திரும்பி வருவேன். எந்த சைஸ் சரியா இருக்கும்? சின்னதா வாங்கினா சீக்கிரமே பத்தாம போயிடுமோன்னு பயமா இருக்கு.

பதில்:

வணக்கம்மா. முதல்ல நல்லபடியா பிரசவம் ஆகி தாயும் சேயும் நல்லா இருக்கணும். நான் டாக்டர் இல்ல, குழந்தைங்களுக்கான மரச்சாமான் செய்யற பட்டறை வச்சிருக்கேன், அதனால அளவு சம்பந்தப்பட்டதை முழுசா சொல்றேன், குழந்தை தூங்குற விதம் பத்தி குழந்தை டாக்டர்கள் பொதுவா சொல்றதை அங்கங்க சேத்துக்கிறேன்.

உங்க கேள்விக்கு நேரடி பதில், உங்க ரூமுக்கு 120க்கு 60தான். ஆனா உங்க அத்தை ஆசையையும் விட வேண்டியதில்ல, அதுக்கு ஒரு வழி இருக்கு, கீழ சொல்றேன்.

மொதல்ல அந்த "பத்தாம போயிடுமோ" பயத்தை எடுத்துக்குவோம், ஏன்னா கட்டில் கேட்டு வர்றவங்கள்ல பாதிப்பேர் இந்த ஒரு பயத்துலதான் பெரிய சைஸுக்கு போறாங்க. பொறக்கும்போது குழந்தை கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஒரு வயசுல 75 வரும், ரெண்டு வயசுல 86, 87, மூணு வயசுலயும் 95 கிட்டத்தான். அப்போ 120 நீளமுள்ள கட்டில்ல மூணு வயசுக் குழந்தையே காலை நீட்டிப் படுத்தாலும் இடம் மிச்சம் இருக்கும். நீளம் பத்தாம கட்டிலை மாத்துற நிலைமை வர்றதே இல்ல. கட்டிலை விடவேண்டி வர்றது எதனாலன்னா குழந்தை ஏறிக் குதிக்க ஆரம்பிக்கிறதாலதான். உயரம் 89 சென்டிமீட்டர் தொட்டுட்டா, இல்ல அதுக்கு முன்னாடியே மேல் சட்டத்துல காலைத் தூக்கிப் போட ஆரம்பிச்சிட்டா, அன்னையோட தடுப்பு வச்ச கட்டிலை நிறுத்திடணும். அது பெரும்பாலும் ரெண்டு வயசுல இருந்து ரெண்டரைக்குள்ள வந்துடும். அந்த நேரத்துல கட்டில் 4 அடியா இருந்தா என்ன, 5 அடியா இருந்தா என்ன, ரெண்டும் ஒண்ணுதான். 140க்கு 70ன்னு ஒரு சைஸ் வருது, தடுப்பைக் கழட்டிட்டு சின்ன கட்டிலா நாலஞ்சு வயசு வரைக்கும் வச்சுக்கலாம், தனி ரூம் இருக்கிறவங்களுக்கு அது நல்ல யோசனைதான். ஆனா நம்ம வீடுகள்ல ரெண்டு வயசுக்கு மேல குழந்தை அப்பா அம்மா நடுவுலயோ பாட்டி பக்கத்துல பாய்லயோதான் தூங்குது, பெரிய கட்டில் துணி மடிச்சு வைக்கிற மேசையாத்தான் ஆகும்.

இப்ப உங்க ரூமுக்கு வருவோம். குயின் சைஸ் மெத்தை 60க்கு 78 இன்ச், கட்டில் சட்டத்தோட சேத்து சுமாரா 64க்கு 82ன்னு வச்சுக்குங்க. 10 அடி செவுத்துல தலைமாட்டை வச்சு, கட்டிலை ஒரு பக்கம் செவுத்தோட ஒட்டிப் போட்டா மறுபக்கம் 56 இன்ச் கிடைக்கும். பீரோ கால்மாட்டுப் பக்கம் இருந்தா அது தொந்தரவு இல்ல. 120க்கு 60 கட்டிலோட வெளி அளவு கிட்டத்தட்ட 49க்கு 26 இன்ச் வரும். அதை பெரிய கட்டில் ஓரமா போட்டா 30 இன்ச் நடக்க மிச்சம், தாராளம். 140க்கு 70 போட்டா 26 இன்ச், சமாளிக்கலாம். 5க்கு 3 போட்டீங்கன்னா மரத்தோட தடிமன் சேத்து 39 இன்ச் போயிடும், மிச்சம் 17 இன்ச், ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கக் கலக்கத்துல குழந்தையக் கையில வச்சுக்கிட்டு சைடு வாங்கி சைடு வாங்கி நடக்கணும்.

இன்னொண்ணு யாரும் யோசிக்காதது. நீங்க கட்டில்ல இருந்து இறங்கற இடம். குழந்தை கட்டில் உங்க பக்கம் ஓரமா நின்னா அந்த நீளத்துக்கு நீங்க இறங்க முடியாது. 82 இன்ச்ல 49 போனா 33 இன்ச், காலைத் தொங்கப் போட்டு உக்காந்து எழுந்திரிக்க அது போதும். 5 அடி கட்டில் போட்டா 19 இன்ச்தான், அதுல எழுந்திரிக்கணும்னா உடம்பை இழுத்து இழுத்து கால்மாட்டுக்கு நகரணும், சிசேரியன் ஆன உடம்புக்கு அது எவ்ளோ வேதனைன்னு அனுபவிச்சவங்களைக் கேட்டுப் பாருங்க. நீங்க அஞ்சாம் மாசம் வர்றதால தையல் வலி குறைஞ்சிருக்கும், ஆனாலும் ராத்திரி மூணு தடவை எழுந்திரிக்கிற ஆளுக்கு இறங்க ஒழுங்கா இடம் வேணும்.

கதவையும் அளந்துடுங்க. ஃபிளாட்ல பெட்ரூம் கதவு பல இடத்துல ரெண்டரை அடிதான், நிலை சட்டத்துக்கு உள்ள கிடைக்கிறது அதைவிடக் கம்மி. 26 இன்ச் கட்டில் மாட்டின மேனிக்கே வெளிய வரும், பகல்ல ஹால்ல தள்ளிட்டுப் போய் சமையல் பண்ணிக்கிட்டே பாத்துக்கலாம். சக்கரம் வச்சதா இருந்தா பிரேக் லாக் உள்ளதா பாருங்க. அதைவிடப் பெரிசா போனா ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டணும், யாரும் செய்ய மாட்டாங்க.

சரி, இப்ப ரொம்ப முக்கியமான விஷயம், இதை நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சேந்து உக்காந்து படிங்க. குழந்தை கட்டில்ல நீள அகலத்தை விட முக்கியமானது உள்ளுக்குள்ள இருக்கிற மூணு அளவு. ஆன்லைன்ல போட்டிருக்கிறது மெத்தை அளவா வெளி அளவான்னு பாத்துக்குங்க, ஆசாரியும் 4க்கு 2ன்னு சொன்னா வெளி அளவாத்தான் எடுத்துக்குவார், அங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவுல இருக்கிற சந்து முதல் அளவு. ரெண்டு விரலுக்கு மேல உள்ள போகக்கூடாது, 3 சென்டிமீட்டர் தாண்டவே கூடாது. மெத்தைய ஒரு ஓரமா தள்ளிட்டு எதிர்பக்கம் அளந்து பாருங்க, நடுவுல வச்சு அளந்தா ஏமாந்துடுவீங்க. குழந்தை உருண்டு போய் அந்த சந்துல மூஞ்சி மாட்டிக்கிட்டா தானா திரும்பத் தெரியாது, சத்தமும் வராது. நெறைய வீட்ல கட்டிலைப் பெருசா செஞ்சுட்டு மெத்தை பத்தாம தலகாணியையும் போர்வையையும் மடிச்சு மடிச்சு சொருகி வச்சிருப்பாங்க, பாக்க மெத்து மெத்துன்னு அழகா இருக்கும், எனக்கு அதைப் பாத்தாலே பதறும். 5க்கு 3 வேண்டாம்னு நான் சொல்றதுக்குப் பெரிய காரணம் இதுதான், அந்த அளவுல ரெடிமேட் குழந்தை மெத்தை கிடைக்காது, தைக்கக் குடுப்பீங்க, ஒரு இன்ச் கம்மியா வரும், பஞ்சு அமுங்க அமுங்க இன்னும் சுருங்கும். 120க்கு 60ன்னா மெத்தை, பெட்ஷீட், ரப்பர் ஷீட் எல்லாமே அந்த அளவுல கடையில கிடைக்குது.

கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி ரெண்டாவது. 6 சென்டிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது. இதுக்குக் காரணம் என்னன்னா குழந்தையோட உடம்பு தலையைவிட ஒல்லி, இடைவெளி அதிகமா இருந்தா கால் மொதல்ல வெளிய போய் இடுப்பும் நெஞ்சும் நழுவிடும், தலை மட்டும் உள்ள மாட்டிக்கும். நம்ம ஊர் ஆசாரிங்க வேலை சுத்தமா செய்வாங்க, ஆனா மரம் மிச்சமாகட்டும்னு 3 இன்ச், 4 இன்ச் விட்டு கம்பி அடிச்ச கட்டில் எத்தனையோ இருக்கு. கம்பி நெட்டுக்குத்தாத்தான் நிக்கணும், படுக்கையா போட்டா அது ஏணி. தலைமாட்டுப் பலகையில இதயம், பூன்னு ஓட்டை போட்டு டிசைன் பண்றதும் வேண்டாம். மூலைக் கால்ல உருண்டை குமிழ் வச்சு கடைஞ்சு தருவாங்க, அதையும் வேண்டாம்னு சொல்லிடுங்க, நம்ம குழந்தைங்களுக்கு கழுத்துல செயின், கருப்புக் கயிறுன்னு ஏதாவது ஒண்ணு இருந்துட்டே இருக்கும், எழுந்து நிக்கிற வயசுல அதுவோ சட்டையோ குமிழ்ல மாட்டிக்கிச்சுன்னா கழுத்தை இறுக்கிடும். மூலை மேல் சட்டத்தோட ஒரே மட்டமா இருக்கணும். கழுத்துல போட்ட எதையும் தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க, அது கட்டில் நல்லதா இருந்தாலும்.

மூணாவது ஆழம். அடிப் பலகைய கடைசி மட்டத்துக்கு இறக்கினா அங்கிருந்து மேல் சட்டம் வரைக்கும் கம்மியா 60 சென்டிமீட்டர், 65 இருந்தா இன்னும் நல்லது. இதுல மெத்தை தடிமன் கழிஞ்சுடும்ன்றதை மறந்துடாதீங்க. 4 இன்ச் மெத்தை போட்டா 60ல 50 மிச்சம், "குழந்தைக்கு சொகுசா இருக்கட்டும்"னு 6 இன்ச் போட்டா 45தான், ஒரு வயசுப் புள்ளைக்கு அதுல தாண்ட எவ்ளோ நேரம் ஆகும். அதனால 4 இன்ச் போதும். அடிப் பலகை ரெண்டு மூணு மட்டத்துல மாட்டுற மாதிரி இருக்கணும். மேல் மட்டம் கைக்குழந்தைக்கு, உங்க இடுப்பு வளையாம தூக்கலாம். உக்கார ஆரம்பிச்சதும் இறக்கணும், பிடிச்சு நிக்கிறதுக்கு முன்னாடி கடைசி மட்டத்துக்குக் கொண்டு வந்துடணும். நீங்க அஞ்சாம் மாசம் வரப் போறீங்க, அப்போ மேல் மட்டம் உங்களுக்கு ஒரு மாசம் உபயோகப்பட்டா பெருசு, அதனால நேரா நடு மட்டத்துல மாட்டச் சொல்லிடுங்க. இதே காரணத்துக்காகத்தான் பொறந்த குழந்தைக்குன்னு விக்கிற குட்டி பாஸ்கெட் கட்டில் உங்களுக்கு வேண்டவே வேண்டாம், அது அஞ்சாறு மாசத்துக்கு மேல தாங்காது.

மெத்தை பத்தி ரெண்டு வார்த்தை. இலவம் பஞ்சு மெத்தை நமக்கு சொகம், கைக்குழந்தைக்கு ஆகாது, அமுங்கி குழி விழும். கயிறு மெத்தைன்னு சொல்ற தேங்கா நார் மெத்தை, மேல மெல்லிசா ஃபோம் வச்சது, இதுதான் நம்ம வெயிலுக்கும் சரி, கெட்டியாவும் இருக்கும். உள்ளங்கையால அழுத்திப் பாருங்க, கையை எடுத்ததும் தடம் இல்லாம எழும்பணும். அதுக்கு மேல இறுக்கமா ஒரு ஷீட், அவ்ளோதான், கட்டிலுக்குள்ள வேற எதுவும் வேண்டாம். தல உருண்டையா வரணும்னு கடுகு தலகாணி தருவாங்க, சுத்தி கட்டற பஞ்சுத் தடுப்பு ஒண்ணு செட்டோட வரும், பொம்மை வரும். அந்தப் பஞ்சுத் தடுப்பை அமெரிக்காவுல 2022ல சட்டம் போட்டே தடை பண்ணிட்டாங்க, மூச்சு முட்டி குழந்தைங்க இறந்திருக்குன்ற காரணத்துக்காக. நம்ம ஊர்ல இன்னும் அழகா பேக் பண்ணி விக்கிறாங்க. செட்டுல வந்தா எடுத்து வெளிய வச்சிடுங்க.

அக்கா வீட்டுக் கட்டில். அன்போட தர்றாங்க, எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு உங்களுக்கு சங்கடமா இருக்கும், ஆனா அதை எடுக்காதீங்கம்மா. பக்கத் தடுப்பு இறங்குற மாடலை அமெரிக்காவுல 2011 ஜூன்ல இருந்து செய்யவோ விக்கவோ கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. அந்தத் தடுப்பு ஓடுற கிளிப்பும் பிளாஸ்டிக்கும் நாளாக நாளாக லூஸ் ஆகும், ஒரு மூலை மட்டும் கழண்டு சாஞ்சா முக்கோணமா ஒரு சந்து விழும், அதுல கழுத்து மாட்டி குழந்தைங்க இறந்து போயிருக்கு. இத்தனை வருஷம் கழட்டி மாட்டி எங்கயோ பரண்ல கிடந்த கட்டில்ல எல்லா ஸ்க்ரூவும் இருக்கும்னு சொல்ல முடியாது. உங்க அக்காகிட்ட இதை அப்படியே சொல்லுங்க, தன் தங்கச்சி குழந்தைக்குன்னா அவங்களே வேண்டாம்பாங்க. வேற யாருக்கும் தூக்கிக் குடுத்துடவும் வேண்டாம்.

இப்ப உங்க அத்தை விஷயம். பழைய வீட்டுத் தேக்கு கிடைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல, நல்லா காஞ்ச மரம், கோணாது, பேரப்புள்ளைக்குன்னு அவங்க மனசு வச்சிருக்காங்க. அதே ஆசாரி, அதே தேக்கு, அளவை மட்டும் மாத்துங்க. உள் அளவு 4 அடிக்கு 2 அடின்னு சொல்லுங்க, "உள் அளவு"ன்றதை ரெண்டு தடவை சொல்லுங்க, பேப்பர்லயும் எழுதிக் குடுங்க. 4 அடின்னா 122 சென்டிமீட்டர், 2 அடின்னா 61. கடையில வாங்கற 120க்கு 60 மெத்தை அதுல போட்டா நீளத்துல 2 சென்டிமீட்டர், அகலத்துல 1 சென்டிமீட்டர்தான் சந்து, கச்சிதம். வெளி அளவா 4க்கு 2 செஞ்சுட்டார்னா ஒன்றரை இன்ச் சட்டம் ரெண்டு பக்கமும் போக உள்ள 45க்கு 21 இன்ச்தான் நிக்கும், எந்த மெத்தையும் போகாது, அப்புறம் அறுக்கவும் முடியாது ஒட்டவும் முடியாது. இணைப்புக்கு ஆணி வேண்டாம், போல்ட் நட்டு போடச் சொல்லுங்க, தேவைப்பட்டா கழட்டலாம், ஆடினா முறுக்கலாம். ஓரமெல்லாம் உருட்டி இழைச்சு கைய வச்சு தடவிப் பாத்தா சிலும்பு குத்தக்கூடாது.

அந்தக் கதவுல பழைய பெயின்ட் இருந்தா ஒரு எச்சரிக்கை. இந்தியாவுல வீட்டுப் பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 90 பங்கு, தாண்டக்கூடாதுன்னு 2016லதான் விதி போட்டாங்க, 2017 நவம்பர்லதான் அது அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்ச பெயின்ட்ல எவ்ளோ இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. பல்லு முளைக்கிற குழந்தை நின்னுக்கிட்டு மேல் சட்டத்தைத்தான் கடிக்கும். அதனால பழைய பெயின்ட் மொத்தமும் போற வரைக்கும் இழைக்கணும், அந்த வேலை ஆசாரி பட்டறையிலயே நடக்கட்டும், அந்தத் தூசி பக்கம் நீங்க போகவே கூடாது, வீட்ல உள்ள மத்த குழந்தைங்களும்தான். இழைச்ச பிறகு எதுவும் அடிக்காம விட்டாக்கூட தேக்குக்கு ஒண்ணும் ஆகாது. வார்னிஷ் அடிச்சா ரெண்டு மாசமாவது காத்தாடக் கிடக்கணும், வாசனை துளியும் இல்லாம போன பிறகுதான் குழந்தையைப் போடணும். உங்களுக்கு நேரம் இருக்கு, இப்பவே சொல்லிட்டா நீங்க மதுரையில இருந்து வரும்போது கட்டில் வாசனை போயி ரெடியா இருக்கும். குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி சாமான் வீட்டுக்கு வரக்கூடாதுன்னு உங்க பக்கம் வழக்கம் இருந்தாலும் பிரச்சனை இல்ல, கட்டில் ஊர்லயே இருக்கட்டும்.

அம்மா வீட்ல அஞ்சு மாசம் தூளிதான் கட்டுவாங்கன்னு நெனைக்கிறேன். அழற குழந்தைக்குத் தூளி மாதிரி எதுவும் வராது, அதை நான் மறுக்கல. ஆனா சேலை வளைவுல தாடை நெஞ்சுல அமுங்கி மூச்சுப் பாதை ஒடுங்கறதுக்கு வாய்ப்பு இருக்கு, அதனாலதான் டாக்டருங்க சமமான கெட்டியான இடத்துல மல்லாக்கப் போடச் சொல்றாங்க. தூங்கினதும் எடுத்து கீழ கெட்டி விரிப்புல, உங்களுக்குப் பக்கத்துல தனியா போட்டுடுங்க, ராத்திரி முழுக்க தூளியில விட வேண்டாம். குழந்தையோட தனி படுக்கை உங்க ரூம்லயே இருக்கறது ஆறு மாசம் வரைக்குமாவது நல்லதுன்னும் சொல்றாங்க, நீங்க ஒரே பெட்ரூம்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தா அந்தக் கவலையும் வேண்டாம்.

சென்னை வந்ததும் கட்டிலை எங்க போடறதுன்னும் சொல்லிடறேன். ஜன்னல் ஓரம் வேண்டாம், திரைச்சீலை கயிறு, சார்ஜர் வயர் எதுவும் கை எட்டற தூரத்துல இருக்கக்கூடாது, ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்காத பக்கமா பாருங்க. பெரிய கட்டிலோட போட்டா நல்லா ஒட்டிப் போடுங்க, இல்லன்னா ஒரு அடி தள்ளிப் போடுங்க, நாலு விரல் சந்து மட்டும் விட்டு வைக்காதீங்க, பால் குடுக்க உங்க பக்கத்துல படுக்க வச்சிருக்கும்போது குழந்தை அதுல நழுவிடும். கொசுவலை கண்டிப்பா வேணும், 4க்கு 2 அளவுக்கு ஃபிரேமோட வலை கிடைக்குது, வலை உள்பக்கம் தொங்காம வெளிப்பக்கமா இழுத்துக் கட்டுங்க.

மெத்தை வாங்கற வேலைய மட்டும் நீங்க மதுரை கிளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. கட்டிலுக்கு ஏத்த மெத்தை தேடாம, மெத்தைய வாங்கி ஊருக்கு அனுப்பிடுங்க, ஆசாரி அதைக் கண்ணு முன்னாடி வச்சு அளந்துட்டு மரத்துல கோடு போடட்டும்.